குளச்சல் கரையில் துடுப்புப் படை

1741இல் நடந்த குளச்சல் போரைச் சிற்றுருவக் காட்சியாகச் செய்ய நினைப்பவர்களில் பலர் கை வைக்கும் இடம் ஒன்றுதான்: திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மர் முன்னிலையில் டச்சு அதிகாரி டிலனாய் சரணடையும் கணம். பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தக் கணத்தைக் காட்டும் ஓவியத்தைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் நம்முடையது. ஆசை வருவது இயல்பு. ஆனாலும் முதல் டயோரமாவுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். அரசர் யார், அதிகாரி யார் என்று முகத்திலேயே தெரிய வேண்டிய காட்சி அது. விரல்கணு உயரமுள்ள பிளாஸ்டிக் உருவத்தில் அப்படி முகம் எழுதக் கை பழகியிருக்க வேண்டும்.

அதே போரில் இன்னொரு காட்சி இருக்கிறது. குளச்சல் பக்கம் செவிவழியாக வரும் செய்தி இது. கடலில் நின்ற டச்சுக் கப்பல்களுக்குக் கரையில் பெரும் படை நிற்பதாகத் தோன்றவேண்டும் என்று, மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கியைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, பீரங்கி போலக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்களாம். இந்த அத்தியாயத்தில் அந்தக் காட்சியைத்தான் செய்யப்போகிறோம். சீருடை கிடையாது, பித்தளைப் பொத்தான் கிடையாது, பதக்கம் கிடையாது. வெற்றுடம்பும் ஒரு முழத் துணியும் தலைக்கட்டும் துடுப்பும் மட்டும். தொடங்குபவர் கைக்கு அடங்கும் வேலை. நம் மண்ணின் நிறங்களைக் கலக்கப் பழகுவதற்கும் இதைவிட நல்ல பாடம் இல்லை.

எந்த அளவில் செய்வது

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் போர்வீரர்களில் இரண்டு அளவுகள் அதிகம்: 1/72, 1/35. ஐந்தரை அடி ஆள் முதலாவதில் சுமார் 23 மில்லிமீட்டர், இரண்டாவதில் 48 மில்லிமீட்டர். 35 என்ற அந்த விநோதமான எண் எந்தக் கணக்கிலும் சேராது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் செய்த பான்தர் டாங்கி பொம்மைக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டி வந்தது; அடங்கிய அளவை அளந்து பார்த்தபோது 35இல் ஒரு பங்காக இருந்தது. அதுவே உலக வழக்காகிவிட்டது.

நமக்கு 1/72 போதும். காரணம் மரங்கள். இருபது மீட்டர் தென்னை 1/72இல் 28 சென்டிமீட்டர். 1/35இல் 57 சென்டிமீட்டர். பெரிய அளவை எடுத்தால் மரத்துக்கே தனி மேசை வேண்டும், மரமில்லாமல் செய்தால் அது குளச்சல் கரையாக இருக்காது. 30க்கு 20 சென்டிமீட்டர் பலகை 1/72இல் ஏறக்குறைய 22 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள கரை. முப்பது ஆட்கள் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம்.

எதை வாங்குவது? பெட்டியில் வரும் உருவங்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் போர்களையும் இரண்டு உலகப் போர்களையும் சுற்றியே இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூருக்குத் தனிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை தொடங்காது. நீங்கள் பார்க்க வேண்டியது உடையை அல்ல, நிற்கும் நிலையை. துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நிற்கும் உருவங்கள் உள்ள பெட்டி எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் சரி. ரஷ்யாவின் ஸ்வெஸ்டா நிறுவனம் 1/72இல் வெளியிட்ட மாமன்னர் பீட்டரின் காலாட்படை, சுவீடனின் பன்னிரண்டாம் சார்லஸின் காலாட்படை ஆகியவை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தவை. முழங்கால் வரை நீளும் கோட்டு, அகலமான கைமடிப்பு, முழங்கால் சராய் எல்லாம் இருக்கும். பிறகு எப்போதாவது டச்சுப் படையையும் சேர்க்க நினைத்தால் அந்தப் பெட்டிகளில் மிச்சமாகும் உருவங்கள் உதவும்.

கோட்டைக் கழற்றுதல்

முதலில் உருவங்களைச் சட்டத்தோடு சேர்த்தே பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசை பிளாஸ்டிக்கின் மேல் படிந்திருக்கும். அதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள்.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு. நகத்தால் அழுத்தினால் வளையும் மென்மையான வகையும், சட்டென்று ஒடியும் கடினமான வகையும். 1/72 காலாட்படைகளில் மென்மையான வகை அதிகம். கடினமான வகைக்கான பிளாஸ்டிக் சிமென்ட் இதில் வேலை செய்யாது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைதான். அதைக் குழாயிலிருந்து நேராக விடாதீர்கள். ஒரு துளியைப் பழைய தட்டில் வைத்து ஊசி முனையால் தொட்டு வையுங்கள். பசை அதிகமானால் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். மென்பிளாஸ்டிக்கில் அச்சுக்கோட்டை அரத்தால் தேய்த்தால் மயிர் மயிராக எழும்பும். புதிய பிளேடை ஏறக்குறைய படுக்கவைத்துச் சீவி எடுப்பதே வழி.

அடுத்தது செதுக்கும் வேலை. கோட்டின் கீழ்ப்பகுதியை இடுப்பு மட்டத்தில் சுற்றி வெட்டிக் கால்களை வெளியே கொண்டுவாருங்கள். கைமடிப்பைச் சீவினால் முன்கை தெரியும். பொத்தான்களையும் கழுத்துத் துணியையும் மழித்துவிட்டு, மார்பிலும் முதுகிலும் பள்ளமேடு மட்டும் நிற்கட்டும். தொப்பியை மேலிருந்து வட்டமாகக் குறைத்துத் தலையளவுக்குக் கொண்டுவர வேண்டும். காலணியின் குதியையும் கொக்கியையும் எடுத்துவிட்டால் வெறுங்கால். பிளேடு எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நகரட்டும். உருவத்தைக் கையில் பிடிக்காமல் ஒரு மரத்துண்டில் ஒட்டிக்கொண்டு வெட்டுங்கள்.

துணிக்கு எம்-சீல். இரண்டு பகுதிகளையும் சம அளவில் பிசைந்து, விரலை நீரில் நனைத்துக்கொண்டு, பவுடர் தூவிய கண்ணாடி மேல் மெல்லிய தகடாக உருட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சிலருக்குத் தோல் அரிக்கும். கொஞ்சம் இறுகத் தொடங்கியதும் பட்டையாக வெட்டி இடுப்பில் சுற்றித் தார்ப்பாய்ச்சிக் கட்டியதுபோல் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னால் செருகுங்கள். மடிப்பை ஊசி முனையால் கீறுங்கள். எம்-சீல் சீக்கிரம் இறுகும் என்பதால் ஒரு தடவைக்கு நான்கைந்து உருவங்களுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். தலைக்கட்டுக்கு டிஷ்யூ தாளின் ஓர் அடுக்கைப் பிரித்து, நீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து முறுக்கிச் சுற்றினால் போதும். அசல் துணியின் கனம் வந்துவிடும்.

துப்பாக்கியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுத் துடுப்பை வையுங்கள். மூன்று மீட்டர் துடுப்பு இந்த அளவில் 42 மில்லிமீட்டர். ஈர்க்கிலின் மெல்லிய பகுதி காம்புக்கு மிகப் பொருத்தம். அகலமான முனைக்கு விசிட்டிங் கார்டைச் சீவி ஒட்டுங்கள். எல்லாத் துடுப்பும் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் இருக்கக் கூடாது. இவர்கள் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் படை, பக்கத்தில் வந்து பார்த்தால் மீனவர்கள். இந்த இரட்டைத் தோற்றம்தான் காட்சியின் உயிர். அதனால் வரிசை ஓரளவு நேராக இருக்கட்டும்; ஆனால் ஒருவர் தோள் மாற்றட்டும், ஒரு கிழவர் துடுப்பை ஊன்றி நிற்கட்டும், ஒரு பையன் தன் உயரத்தைவிட இரண்டு மடங்கு நீளமான துடுப்போடு திணறட்டும்.

முன்புறம் திருவிதாங்கூர்ப் படையின் இரண்டு நாயர் வீரர்களை வையுங்கள். இடுப்பில் கட்டிய முண்டு, வெற்று மார்பு, கையில் வாளும் வட்டப் பரிசையும். தலைமுடியை முன்பக்கமாக இழுத்து முடிந்த குடுமிதான் இவர்களை அடையாளம் காட்டும்; எம்-சீலில் கடுகளவு உருட்டி நெற்றிக்கு மேல் ஒட்டுங்கள். பின்னால் முதுகு வரை தொங்கும் சடையை வைத்துவிட்டால் வேறு நாட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். டிலனாய் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கியதெல்லாம் இந்தப் போருக்குப் பிறகு. எனவே இவர்களுக்குச் சீருடை போட வேண்டாம்.

தோலின் நிறம்

இந்த வேலையில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். வெளிநாட்டுப் பெயிண்ட் தொகுப்பில் தோல் நிறம் என்று வரும் குப்பி வெள்ளைக்காரரின் இளஞ்சிவப்பு. அதில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து நம் ஆளுக்குப் பூசுவது எளிதான வழி. விளைவு, வெயிலில் கறுத்த ஐரோப்பியர். கடலில் வாழ்நாள் கழித்த நம் மீனவர் அவர் அல்லர். நம் தோலை அதன் சொந்த நிறங்களிலிருந்து கட்ட வேண்டும்.

கடையில் கிடைக்கும் கேமல் அக்ரிலிக் குழாய்கள் போதும். பர்ன்ட் சியன்னா மூன்று பங்கு, பர்ன்ட் அம்பர் இரண்டு பங்கு, யெல்லோ ஓக்கர் ஒரு பங்கு: இது அடிநிறம். குழாய்ப் பெயிண்ட் கெட்டியாக இருக்கும். பால் பதத்துக்கு நீர் கலந்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஒரே தடவையில் மூடிவிட முயன்றால் செதுக்கிய முகமெல்லாம் மூடிப்போகும். கலந்த நிறத்தை ஒரு தாளில் தீற்றிக் காயவிட்டு, திண்ணை வெளிச்சத்தில் உங்கள் முன்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையைவிட ஒரு படி வெளிறியிருக்க வேண்டும். சின்ன உருவத்தின் மேல் விழும் வெளிச்சம் குறைவாகத் தெரிவதால், அசலுக்குச் சமமாகக் கலந்த நிறம் உருவத்தில் கரியாகத் தோன்றும்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பரில் அல்ட்ராமரைன் நீலம் ஒரு பொட்டுச் சேர்த்து, நிறைய நீர் விட்டு, அக்குள், முதுகுத் தண்டின் பள்ளம், விலா எலும்புகளின் இடைவெளி, கண்குழி ஆகியவற்றில் ஓடவிடுங்கள். கறுப்பு உடம்பைப் புகைபிடித்த சுவராக்கிவிடும். நீலம் கலந்த பழுப்பு ஆழம் தரும்.

மேட்டுக்கு வெள்ளை வேண்டவே வேண்டாம். கரிய தோலில் வெள்ளை கலந்த வெளிச்சம் சாம்பல் பூசியதுபோல் ஆகும். எத்தனையோ நல்ல உருவங்கள் இந்த ஒரு பூச்சில் செத்துப்போயிருக்கின்றன. அடிநிறத்தில் யெல்லோ ஓக்கரும் துளி ஆரஞ்சும் சேர்த்து, தோள்பட்டை, கன்னம், மூக்குத் தண்டு, முழங்கால் சில்லு ஆகியவற்றின் மேல் முனையில் மட்டும் தொடுங்கள். உள்ளங்கையும் பாதத்தின் விளிம்பும் வெளிறியவை. அங்கே ஓக்கர் கூடுதலாக, சிவப்பு மிகக் கொஞ்சமாக. தோளும் முதுகும் வெயில் தின்ற இடங்கள், மேற்கையின் உட்புறம் தின்னாத இடம். இரண்டுக்கும் நிற வித்தியாசம் காட்டினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே நம்பிக்கை வரும்.

முப்பது பேருக்கும் ஒரே கலவை கூடாது. பர்ன்ட் அம்பர் கூடிய ஒன்று, சியன்னா கூடிய ஒன்று, ஓக்கர் கூடிய ஒன்று என மூன்று கலவைகளை முன்பே செய்து மூடியுள்ள சிறு டப்பாக்களில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பூசுங்கள். கண்ணுக்கு வெள்ளையும் கருமணியும் வரையும் ஆசையை இந்த அளவில் விட்டுவிடுங்கள். குழியில் ஒரு கரும் கோடு, அதன் மேல் புருவத்தின் நிழல். அது போதும். தலைமுடிக்கும் வெறும் கறுப்பு கூடாது, அம்பரும் நீலமும் கலந்த கறுப்பு.

துணியில் தூய வெள்ளை எங்கும் வராது. சலவைக்கு முந்தைய கோரா நிறம்தான்: வெள்ளையில் ஓக்கரும் மிகச் சிறிது பழுப்பும். கடல் தண்ணீரில் நனைந்து காய்ந்த துணிக்கு ஓரத்தில் சாம்பல் படிவு. பிரான்சிஸ் சவேரியார் 1544இல் இந்தக் கரையோரம் வந்து மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1741இல் குளச்சல் மீனவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறும் நுனியில் சிறு சிலுவையும் இருப்பது பொருத்தம். ஊசி முனையால் தொட்ட ஒரு புள்ளி, அவ்வளவே. எல்லோருக்கும் வைக்க வேண்டாம்.

எல்லாம் காய்ந்தபின் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. அதன் மேல் தோலுக்கு மட்டும் லேசான பளபளப்புள்ள சாட்டின் வார்னிஷ். மழைக்காலக் கரையில் நிற்பவர்கள். உடம்பு ஈரமாக இருக்கும், துணி வெளிச்சத்தை உறிஞ்சும்.

மணலும் கடலும்

போர் முடிந்தது ஆகஸ்டில். அதாவது தென்மேற்குப் பருவமழை நடுவில். சுற்றுலா அட்டையில் வரும் நீலக் கடலையும் மஞ்சள் மணலையும் மறந்துவிடுங்கள். அந்த மாதத்தில் ஒருநாள் குளச்சல் கரைக்குப் போய் நின்று பாருங்கள்: கரையோரம் கலங்கிய பழுப்பு, தள்ளிப் பச்சைச் சாம்பல், தொடுவானத்தில் ஈயம். வானமும் அதே ஈயம். நிழல்கள் கூர்மையாக விழாத வெளிச்சம். அதனால்தான் மேட்டு நிறங்களை அளவாகத் தொடச் சொன்னேன்.

மணலில் நம் கரைக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. குளச்சலுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் அருமணல் ஆலை நடப்பதற்குக் காரணமான கனிமங்கள் இந்தக் கரை முழுவதும் கிடக்கின்றன. இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு. அலை தரம் பிரித்துப் போட்டதில் கறுப்பும் செம்பழுப்பும் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். இந்தப் பட்டைகளை வரைந்தால் இது எந்தக் கரை என்று மாவட்டத்துக்காரர் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த மணலையே அள்ளி வந்து ஒட்டாதீர்கள். அதில் கதிர்வீச்சுள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. கரை மணலை அள்ளச் சட்டமும் அனுமதிப்பதில்லை. அதோடு கணக்கும் ஒத்துவராது. 0.3 மில்லிமீட்டர் மணற்பருக்கை 1/72 உலகில் 22 மில்லிமீட்டர் கூழாங்கல். உங்கள் மீனவர்கள் ஜல்லியில் நிற்பார்கள். கூடவே உப்பு ஈரத்தை இழுத்துப் பெயிண்டைக் கிளப்பும்.

பதிலாக, தெர்மகோல் பலகையைக் கடல் பக்கம் சரிவாக வெட்டி, அதன் மேல் சுவர்ப் பட்டியை ஃபெவிக்கால் நீரில் குழைத்துப் பூசுங்கள். இறுகும் முன் பழைய தூரிகையால் மெல்லத் தட்டினால் மணலின் சொரசொரப்பு வரும். காலடித் தடங்களையும் வண்டிச் சக்கரத் தடங்களையும் அப்போதே அழுத்திவிடுங்கள். காய்ந்தபின் மேல்பகுதிக்கு வெளிறிய பழுப்பு, அலை தொடும் பகுதிக்கு அதே நிறத்தில் அம்பர் கூட்டிய ஈரநிறம், நடுவே கறுப்பும் செம்பழுப்பும் நீர்த்த பட்டைகளாக. ஈரநிறத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ்.

கடலுக்கு டிஷ்யூ தாளை ஃபெவிக்கால் நீரில் நனைத்துச் சுருக்கி அலையாகப் படியவையுங்கள். காய்ந்ததும் பெயிண்ட், அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் பல மெல்லிய பூச்சுகள். நுரைக்குப் பஞ்சைப் பிய்த்து வைப்பார்கள், பஞ்சாகத்தான் தெரியும். கெட்டி வெள்ளைப் பெயிண்டைத் தட்டையான தூரிகையால் முகட்டில் மட்டும் தொட்டு வையுங்கள். எபாக்சி ரெசின் ஊற்ற நினைப்பவர்கள் ஒரே தடவையில் ஆழமாக ஊற்றக் கூடாது. இறுகும்போது சூடு பிறக்கும், தெர்மகோல் உருகிவிடும்.

தென்னங்கீற்றுக்குக் கெட்டித்தாளை மடித்து இரு ஓரமும் நெருக்கமாக வெட்டுங்கள். பனைக்கு விசிறி வடிவில் வெட்டிய தாள், தண்டுக்குக் கரிய செதில் தடங்கள். கட்டுமரம் ஒன்று கரையேற்றிக் கிடக்கட்டும். ஏழு மீட்டர் மரம் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஐஸ் குச்சிகளைச் சீவி நூலால் கட்டினால் ஆயிற்று. ஆணி தெரியக் கூடாது.

டச்சுக் கப்பலைப் பலகையில் வைக்க வேண்டாம், பின்பலகையில் வரையுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் 40 மீட்டர் கப்பல், பார்ப்பவர் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். சாம்பல் நிழலுருவம், மூன்று பாய்மரம். சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று புள்ளியளவில் கொடி. கப்பலைப் பெரிதாக வரைந்தால் மீனவர்களின் ஏமாற்று வேலை நம்பும்படி இருக்காது.

மழையும் உப்பும்

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் கனக்கும் நாட்கள் அதிகம். அப்போது ஸ்பிரே பிரைமரோ ஸ்பிரே வார்னிஷோ அடித்தால் பூச்சு பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். மழை நாளில் தூரிகையால் பூசும் பிரைமர்தான். ஸ்பிரே வேலைகளை ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள உலர்ந்த முற்பகல்களுக்குத் தள்ளிவையுங்கள். கடற்கரை ஊர்களில் திறந்து வைத்த உருவத்தின் மேல் ஓரிரு நாளிலேயே உப்புப் படியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் ஈரப் பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். ஃபெவிக்கால் ஈரத்தில் இளகும் குணமுள்ளது, ஆகவே ஃபெவிக்கால் பட்ட ஒவ்வோர் இடத்தையும் பெயிண்டாலோ வார்னிஷாலோ மூடிவிட வேண்டும்.

முடித்த பலகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பனந்தோப்புக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். கொலுவில் பூங்கா அமைக்கும் வீடுகளில் இதைக் கீழ்ப்படிக்கு முன்னால் தரையில் வைக்கும் பழக்கம் வரும். இந்தக் காட்சி அங்கே பாழ். மேலிருந்து பார்த்தால் துடுப்பு துடுப்பாகத்தான் தெரியும். கண் மட்டத்தில், கடல் பக்கம் பார்வையாளர் நிற்கும்படி வையுங்கள். டச்சுக்காரர் பார்த்த இடத்திலிருந்து அவர் பார்க்கட்டும். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கட்டும். அதற்காகப் பின்பலகையை வளைத்து மூன்று பக்கமும் அடைக்காதீர்கள். கப்பல் வரைந்த பலகையை ஒரு பக்கவாட்டில் மட்டும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

பெயர்ப்பலகையில் இவ்வளவு போதும்: குளச்சல், 1741, ஊரார் சொல்லிவரும் கதையின்படி, அளவு 1/72.